நெற்றிக்கு ஓர் ஈரத்துணி

சிவமயம்

ஓஸ்டர்முண்டிகன்,
புரட்டாதி, 1988.

என் குஞ்சு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதப் போன கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். கைக்கு இன்னும் தெரியாது.

உனக்கு எழுதவென்று வாங்கி வைத்த நீலத் தாள்கள் அலுமாரித் தட்டில் மிச்சம் கிடக்கின்றன. எழுதி மடித்து ஒட்டினால் அதுவே உறையாகிற தாள். முந்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்று எடுப்பேன். இப்போது அப்பா அந்தத் தட்டைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எறியவும் மாட்டார். இன்றைக்கு எனக்குத் தலையிடி இல்லாத நாள். தலையிடி இல்லாத நாளில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

தம்பி பாலர் வகுப்புக்குப் போகிறான். இவர்களுடைய பாஷையை இவர்களைப் போலவே கதைக்கிறான். எனக்கு விளங்காதென்று தெரிந்தால் இன்னும் கூடக் கதைப்பான். உன்னுடைய படத்தைத் தொட்டு "அக்கா" என்பான். அக்கா எப்படிக் கதைப்பாள் என்று கேட்டால், யோசித்துப்போட்டு, தெரியாது என்கிறான். அப்பா பேர்ண் பட்டணத்தில் அதே சாப்பாட்டுக் கடையில்தான் சட்டி கழுவுகிறார். கை தோல் உரிந்து போய்க் கிடக்கிறது. நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் விரிப்பு மடிக்கிறேன்.

வாற மாதம் உன்னுடைய ஆண்டுத் திவசம் வருகிறது. அதைப் பற்றித்தான் உன்னோடு கதைக்க வேண்டும்.

திவசத்துக்குத் திதி வேண்டும். திதி பார்க்க நாள் வேண்டும். இங்கே பஞ்சாங்கம் வைத்திருப்பவர் தம்பித்துரை அண்ணை ஒருவர்தான். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போகிறோம். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நாளைச் சொல்லும் பிள்ளை, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். நாள் தெரியாது என்றேன். பெற்ற பிள்ளையின் நாள் தெரியாதோ என்று கேட்க வாயெடுத்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

உன்னோடு இருந்த சின்னம்மா சிவமலர் ஊரிலிருந்து எழுதினதை நான் பாடமாக்கி வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் சண்டை தொடங்கி எல்லாரும் கோயிலுக்குள் போய் இருந்தீர்கள். சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய குழந்தைக்குப் பால்மா முடிந்து போயிற்று. "ஓடிப் போய் எடுத்துக்கொண்டு ஓடி வாறன் சின்னம்மா" என்று நீ வெளிக்கிட்டாய். அவள் மறிக்க மறிக்கப் போனாயாம். பிறகு ஷெல். பிறகு ஊரடங்குச் சட்டம். தலையை வெளியில் நீட்டினவர்களைச் சுட்டார்கள். ஊரடங்கு எடுத்த அன்றைக்குத்தான் சித்தப்பாவும் அவளும் வீட்டுக்குப் போனார்கள். நீ கிணற்றடியில், வாழைகளுக்குப் பக்கத்தில் இருந்தாய். பால்மா டின் உன் கையடியில் இருந்தது. அவர்களே உன்னை வீட்டு வளவுக்குள் எரித்தார்கள்.

சனிக்கிழமைக்கும் ஊரடங்கு எடுத்த நாளுக்கும் நடுவில் எத்தனை திதி, குஞ்சு. தீபாவளியும் அதற்குள்தான் வந்தது. நான் இங்கே ஆட்டிறைச்சி காய்ச்சினேன். தம்பிக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு, அடுத்த தீபாவளிக்கு அக்கா இங்கே வந்திடுவாள், பள்ளிக்கூடச் சோதினை முடிந்ததும் வாறன் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். வெள்ளிக்கிழமைகளில் தனலட்சுமி வீட்டில் சாமிப் படத்துக்கு முன்னால் எல்லாரும் கூடித் தேவாரம் படிப்போம். அங்கே உன்னுடைய சோதினைக்காகக் கற்பூரம் கொளுத்தினேன். சாவுத் துடக்கோடு, தெரியாமல் கொளுத்தியிருக்கிறேன்.

தில்லைநாதன் ஊரிலிருந்து வந்து சின்னம்மாவின் கடிதத்தைத் தந்தபோது இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அங்கே முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. முப்பத்தொன்று கழிந்த பிறகு கேள்விப்பட்டால் துடக்குக் காக்கத் தேவையில்லை, தலையில் தண்ணீர் வார்த்தால் சரி என்று தம்பித்துரை அண்ணை சொன்னார். அவர் சாத்திரத்தில் உள்ளதைத்தான் சொன்னார், பிழை இல்லை. நான் போய்க் குளியலறைக் குழாய்க்குக் கீழே நின்றேன். துவாயால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுதான்.

ஊரில் என்றால் பெண்டுகள் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழறியிருப்போம். தொண்டை கிழியும் வரைக்கும் உன்னைச் சொல்லிச் சொல்லி அழுதிருப்பேன். இந்த மாடி வீட்டில் இரவு பத்துக்குப் பிறகு தண்ணீர் திறக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை கம்பளம் தட்டக் கூடாது என்று கீழே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். குழறக் கூடாது என்று எழுதவில்லை. ஆனால் நான் வாயைத் திறந்ததும் அப்பா ஓடி வந்து, "மெல்ல அழு பரமேஸ், கீழ்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவினம், பிறகு எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று என் வாயைப் பொத்தினார். தனலட்சுமி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். அவளும் நானும் காதுக்குள் குசுகுசுத்து அழுதோம். குசுகுசுத்து அழுத செத்தவீடு உலகத்தில் எங்கேயாவது உண்டோ தெரியாது.

அடுத்த நாள் காலையில் தலையிடி வந்தது. ஈரத் தலையோடு படுத்ததால் வந்தது, போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

அது எப்படி என்று உனக்குச் சொல்கிறேன். முதலில் கண்ணோரத்தில் ஒரு மினுக்கம் வரும், வெயிலில் தகரம் மினுங்குகிற மாதிரி. பார்க்கிறவர்களுடைய பாதி முகம் தெரியாமல் போகும். பிறகு இடது கண்ணுக்குப் பின்னால் இருந்து பிடரி வரைக்கும் யாரோ உலக்கை போடுவார்கள். வலது பக்கத்துக்கு ஒன்றும் இல்லை, அது சும்மா பார்த்துக்கொண்டு இருக்கும். வெங்காயம் வதக்குகிற மணம் வந்தால் தின்றதெல்லாம் சத்தியாய் வெளியே வரும். தம்பி கரண்டியைத் தட்டினால் சத்தி. ஒரு பகலும் இரவும் அப்படியே கிடப்பேன். டொக்டர் குளிசை தந்தார். கவலைப்படாமல் இருக்கச் சொன்னார். கூட வந்து பாஷை மாற்றிச் சொன்ன தவராஜா, "அக்கா, டொக்டர் கவலைப்பட வேண்டாமாம்" என்று அதைத் தமிழில் திரும்பவும் சொன்னான். ஓம் என்றேன்.

குளிசைக்குக் கேட்கவில்லை. தனலட்சுமி தனக்கு ஊரில் இருந்து வந்த வேர்க்கொம்பை, அந்தக் காய்ந்த இஞ்சியை, கொண்டு வந்து, கல் இல்லாதபடியால் பீங்கானின் அடியில் உரைத்து, மிளகும் கூட்டிப் பற்றுப் போட்டுவிட்டாள். எரிகிறது என்றேன். "எரியட்டும் அக்கா, எரிஞ்சால்தான் இழுக்கும்" என்றாள். நல்லாய்த்தான் இழுத்தது. விடியப் பார்த்தால் நெற்றியும் கன்னப்பொறியும் வெந்து கன்றிப்போய் நீலமாய் இருந்தன. சீலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சலவைப் பகுதிக்குப் பொறுப்பான அம்மா என் முகத்தைக் கண்டதும் வேலையை நிற்பாட்டிவிட்டாள். கையை முட்டியாகப் பிடித்துக் காட்டி, "மான்? மான்?" என்று கேட்டாள். இங்கே புருசனை அப்படித்தான் சொல்கிறதென்று அப்போது எனக்குத் தெரியாது. தலை இடிக்கிறதோ என்று கேட்கிறாள் என்று நினைத்து, நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். பின்னேரம் அப்பாவைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கந்தோரில் இருந்து இரண்டு பெண்கள் வந்து முன்னால் இருந்தார்கள். அப்பா சட்டி கழுவின சட்டையோடு நின்றார். என் மேல் ஒரு நாளும் கை வைக்காத மனிசன், மனிசியை அடிக்கிறவன் என்று தலை குனிந்து நின்றார். நான் நெற்றியைக் காட்டி, "இஞ்சி, இஞ்சி" என்று தமிழில் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

அப்போதுதான் அப்பா தனக்குத் தெரிந்த நாலு சொல்லை வைத்து அவர்களுடைய பாஷையில் சொன்னார். எங்கள் மகள் செத்துப்போனாள், மனிசிக்குத் தலையில் வருத்தம், இது மருந்து என்று. குஞ்சு, தமிழில் அவர் அதை எனக்கு முன்னால் ஒரு நாளும் சொன்னதில்லை. "அது நடந்த பிறகு" என்பார், "அந்தக் கடிதம் வந்த பிறகு" என்பார். அந்நிய பாஷையில் என்றபடியால் சொல்ல முடிந்திருக்கிறது. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். அந்தப் பெண்கள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு ஆள் கிடைத்தாள். ஃபிராவ் கெர்பர் என்று பெயர். என்னோடு சோடியாக விரிப்பு மடிக்கிறவள். வயது போனவள், பெரிய உடம்பு, சிரிக்க மாட்டாள். விரிப்பை ஆளுக்கு ஒரு தலைப்பில் பிடித்து உதறி, கிட்ட வந்து மூலையோடு மூலை சேர்ப்போம். ஒவ்வொரு மடிப்புக்கும் கை கையில் படும். அதுவரை நாங்கள் கதைத்ததெல்லாம் அவ்வளவுதான். அப்பா வந்து போன அடுத்த கிழமை எனக்கு மினுக்கம் தொடங்கியது. நான் சுவரைப் பிடித்ததைக் கண்டுவிட்டாள். தன்னுடைய தலையில் பாதியை வெட்டுகிற மாதிரிக் கையால் காட்டி, தன் நெஞ்சில் தொட்டாள். அவளுக்கும் அதே வருத்தமாம். என்னை விரிப்பு அடுக்கி வைக்கிற அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அதில் யன்னல் இல்லை. லைட்டை அணைத்தாள். காய்ந்து வந்த விரிப்புகளின் சூடு இன்னும் இருந்தது, அதன் மேல் என்னை இருத்தினாள். துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நெற்றியில் வைத்தாள். காய்ந்து போகப் போகத் திரும்பவும் நனைத்து வைத்தாள். கவலைப்படாதே என்று சொல்லவில்லை.

எங்கிருந்து வந்ததோ தெரியாது, நான் குழறத் தொடங்கினேன். அவளைக் கட்டிப் பிடித்து, ஊரில் குழறுகிற மாதிரியே, உன்னைச் சொல்லி, நீ பிறந்ததைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி. அவளுக்கு ஒரு சொல் விளங்கியிராது. தள்ளிவிடுவாள் என்று பயந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடினாள். யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? சுற்றி அடுக்கியிருந்த விரிப்புகள் என் சத்தத்தை எல்லாம் குடித்துவிட்டன. வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை. அதுதான் உன் செத்தவீடு, குஞ்சு. ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு நடுவில்.

தலையிடி மாறியது என்று நினைக்காதே. அடுத்த கிழமையும் வந்தது. வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வந்தால் போய் இருக்க ஒரு இருட்டு இருந்தது.

ஒரு நாள் அவள் தன் புருசன் செத்த நாளைக் கலண்டரில் தொட்டுக் காட்டினாள். அன்றைக்கு வருசா வருசம் கல்லறைக்குப் போய் விளக்கு வைப்பாளாம். பிறகு கலண்டரை என்னிடம் தந்து, உன்னுடையதைக் காட்டச் சொன்னாள். ஐப்பசி மாதத்தின் மேல் விரலை வைத்தேன். விரல் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கோடு இழுத்த மாதிரி இரண்டு வரிசை போய் வந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. கலண்டரை வாங்கி மூடி வைத்துவிட்டு ஈரத்துணியை எடுத்தாள்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கிணற்றடி நினைவு வந்தது. அதற்குப் பிறகு அவள் துணி வைக்கிற ஒவ்வொரு முறையும் அதுதான் வருகிறது. நான் கிடந்தால் ஒருத்தி வந்து நெற்றியை நனைக்கிறாள். வாயில் தண்ணீர் விடுகிறாள். போதும் என்று கையைத் தட்டிவிடத் தோன்றுகிறது. தட்டிவிடாமல் படுத்திருக்கிறேன்.

அவளும் இந்த மாதத்தோடு வேலையை விட்டுப் பீல் என்கிற ஊரில் உள்ள மகனோடு போய் இருக்கப் போகிறாளாம். இனிச் சோடிக்கு யாரைப் போடுவார்களோ தெரியாது.

நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம் என்று தம்பித்துரை அண்ணை முடிவாகச் சொல்லிவிட்டார். அப்பாவும் உடனே ஓம் என்றார். எல்லாருக்கும் பொதுவான அமாவாசை என் பிள்ளைக்கு எதற்கு என்று நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். அமாவாசையிலேயே படைக்கிறேன். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைப்பேன், பால் விட்டு, உனக்குப் பிடித்த மாதிரி. தண்ணீரை எல்லாவற்றுக்கும் முதல் வைப்பேன்.

எங்கே இருந்தாலும் பசிக்காமல், குளிராமல், ஒரு நோவும் இல்லாமல் இரு, என் ராசாத்தி. தம்பியைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
பரமேஸ்வரி.

ஒட்டுகிற மடிப்பில் கொஞ்ச இடம் இருக்கிறது. திவசத்துக்காகத்தான் நாளைக் கேட்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். உடனே போயிருப்பாள் அக்கா, ஒன்றும் தெரிந்திராது என்று சின்னம்மா எழுதியிருந்தாள். அவள் உன் பக்கத்தில் இருக்கவில்லை. கிணறு கைக்கெட்டின தூரத்தில் இருந்தது. சொல்லு குஞ்சு, நீ தண்ணீர் கேட்டாயோ?