மூச்சு முட்டினால் வரச் சொன்னார்கள்

டெக்சஸ்,
பிப்ரவரி 9

அன்பு டெல்மி அக்காவுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். என்னைக் கொல்லத் தேடும் அந்தக் கும்பல் உன் போனைப் பிடுங்கிப் பார்ப்பதால், நம்ம ஊர்ப் பாதிரியார் முகவரிக்கு எழுதுகிறேன்.

என் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும். ஆனால் என் புகலிட வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாதவனுக்கு உயிர் போகும் அவசரத்தில் மட்டும்தான் செய்வார்களாம். நேற்றுக் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "பொட்டாசியம் இன்னும் அவ்வளவு ஏறலைங்க. வீட்டுக்குப் போங்க. மூச்சு முட்டினா வாங்க."

"இப்பவே முட்டுதே டாக்டர்."

"இது பத்தாது."

பத்தாதாம்! இன்னும் எவ்வளவு சாக வேண்டும் நான்?

உன் தம்பி,
நெப்தாலி


ஒலான்ச்சோ, ஹோண்டுராஸ்,
பிப்ரவரி 27

தம்பி,

இருபது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். எங்கள் மருத்துவ நிலையத்தில் பாதி நாள் மின்சாரம் இல்லை. மாதக் கடைசியில் பஞ்சுகூடத் தீர்ந்துபோகும். ஆனாலும், "நோய் முற்றட்டும், பிறகு வா" என்று எவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. அங்கே இயந்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, மருந்து இருக்கிறது. வெட்கம்தான் இல்லை.

திரும்பி வந்துவிடு. என் சிறுநீரகம் ஒன்றை எடுத்துக்கொள். வர மாட்டாய் என்றால் இனி எனக்கு எழுதாதே. நீ கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைக் கடிதம் கடிதமாகப் படிக்க என்னால் முடியாது.

அக்கா


டெக்சஸ்,
மார்ச் 21

அன்பு அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நான் வந்தால் பஸ் நிலையத்திலேயே என்னைச் சுட்டுவிடுவார்கள். பிறகு உன் சிறுநீரகத்தை யாருக்கு வைப்பது?

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், காப்பீடு இல்லாத எங்களில் பலர் வாழைப்பழமும் ஆரஞ்சுச் சாறுமாக வயிற்றை நிரப்புவோம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்; ரத்தத்தில் அது ஏறினால்தானே உள்ளே விடுவார்கள்? நானும் செய்திருக்கிறேன். போன வாரம் குவாத்தமாலாக்காரி எஸ்டெலா ஆறு பழம் தின்றாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன் இதயம் நின்றுவிட்டது. மூன்று பிள்ளைகள் அவளுக்கு.

அவளைப் புதைத்த மறுநாள், நாங்கள் ஏழு பேர் எதையும் தின்னாமல் போய் அவசரப் பிரிவில் உட்கார்ந்தோம். காவலாளி வந்தான்.

"எந்திரிங்கப்பா. போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. எந்திரிச்சுப் போனாலும் சாவுதான். அதுக்கு இங்கயே உக்காந்து சாகுறோம், நீங்களும் பாருங்க" என்றேன்.

அதே டாக்டர் வந்தார். "எஸ்டெலாவுக்குப் பத்துச்சா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு எங்கள் ஏழு பேர் தாள்களிலும் 'அவசரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னைக்கு மட்டும்தாங்க. மேல என்னைக் கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும். வியாழக்கிழமை மறுபடி வருவோம்."

நெப்தாலி


ஒலான்ச்சோ,
ஏப்ரல் 6

என் தம்பிக்கு,

வாழைப்பழ விஷயத்தை மறைத்ததற்கு நீ பக்கத்தில் இருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். இனி அதைத் தொடாதே. இது நர்ஸ் சொல்வது. எஸ்டெலாவின் பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்று எழுது.

எழுதாதே என்று சொன்னதை மறந்துவிடு. திரும்பி வா என்றும் இனிக் கேட்க மாட்டேன். வியாழக்கிழமை போ. அடுத்த வியாழனும் போ. யார் வந்து மிரட்டினாலும் எழுந்திருக்காதே.

உன் அக்கா,
டெல்மி