இறக்காத துணி

ஜூன் 4

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் கூப்பிடுகிறேன். கடிதத்துக்காகப் புதுப் பெயருக்கு நான் எங்கே போக? இருமல் விட்டதா? உங்கள் தங்கை வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்? இங்கே ஃபோன் எடுக்காது, சரி. தபால்காரர் இருக்கிறாரே!

ஆம்புலன்ஸ் வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது. சைரனுக்குள் அணில் குடித்தனம் வைத்துவிட்டது. அறக்கட்டளையிலிருந்து இரண்டு டிரைவர்களை அனுப்பினார்கள். முதல் ஆள் மேட்டைப் பார்த்துவிட்டு, "இது ரோடா, சுவராம்மா?" என்றார், வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். இரண்டாமவர் ஒரு வாரம் தாங்கினார்.

மலைமேல் நாலு ஊரிலும் கம்பங்கள் அப்படியே இருக்கின்றன. யாருக்காவது முடியவில்லை என்றால் இன்னும் மஞ்சள் துணியைத்தான் ஏற்றுகிறார்கள். ஷெட் வாசலில் நின்றால் நாலும் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? முந்தாநாள் நடு ஊரில் துணி. பையைத் தூக்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் நடந்தேன். மரம் வெட்டுகிறவருக்குக் கால் முறிந்திருந்தது. கட்டிலோடு எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தால் எப்படி? உச்சி ஊரில் ஒரு துணி, ஆற்றோர ஊரில் ஒரு துணி. தூரத்துத் துணிக்கு முதலில் போவது, இறங்கும்போது பக்கத்து ஆளை ஏற்றுவது, இதுதானே நாம் வைத்த முறை? உச்சி ஊரில் தொங்கியது அதற்கு முந்தின நாள் ஒரு பெரியவரை ஏற்றி வந்தபோது இறக்காமல் விட்ட துணி என்று யாருக்குத் தெரியும்? ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ஆற்றோரத்துப் பெண் பிரசவமாகி ரத்தத்தில் கிடந்தாள். குழந்தை பிழைத்தது, அவள் போய்விட்டாள். தலையெழுத்து, வேறென்ன சொல்ல. வந்துவிடுங்கள்.

உங்கள் நர்சம்மா


ஜூன் 13

நர்சம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டு போதவில்லை, பழையபடி இல்லையே என்று தங்கை வருத்தப்படுகிறாள். இருமல் போய்விட்டது. தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். சமதரை, நேர் ரோடு. மாடுகூட ஓட்டிவிடும்.

வண்டியை அப்படியே போட்டு வைக்காதே. மூன்று நாளைக்கு ஒருமுறை சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணு, பத்து நிமிஷம் ஓடட்டும். இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும். கியரைத் தொடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். அணிலை விரட்டாதே, குட்டி இருக்கும்.

நான் வந்தால் யார் ஏறுவார்கள்? அந்தப் பெண்ணின் புருஷன் தன் வீட்டு முற்றத்தில் அத்தனை பேர் முன்னால், "மேல இருந்த துணிய இறக்காம விட்டது யாரு?" என்று கேட்டான். "நான்தான் மறந்துட்டேன்" என்றேன். அவன் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் குழந்தையை என் கையில் கொடுத்து, "இதுக்கிட்ட சொல்லுங்க" என்றான். நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

வேறு ஏதாவது எழுத நினைத்து விட்டுப்போயிருந்தால், எழுது.

டிரைவர்


ஜூன் 28

என்னங்க,

நீங்கள் சொன்னபடி சாவியைத் திருப்பினேன். முதல் தடவை செருமியது, இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. உங்கள் சீட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டுத் தலையைத் தூக்கினால் ஆற்றோரத்தில் துணி ஏறுகிறது! எஞ்சின் சத்தம் கேட்டு, டிரைவர் வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். பையோடு ஓடினேன். பாதி வழி போவதற்குள் துணி இறங்கிவிட்டது. யார் இறக்கினார்கள், எதற்காக இறக்கினார்கள் என்று கேட்கப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பிவிட்டேன். நான் நர்ஸா, சொல்லுங்கள்!

அந்தப் பெண்ணின் புருஷன் நேற்றுக் குழந்தைக்கு ஊசி போட வந்தான். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. "டிரைவர் மேல கோபம் இல்லீங்க. ஆனா அந்த வண்டியப் பாத்தா வயிறு எரியுது. நீங்க மட்டும் இல்லேன்னா இதுவும் இருந்திருக்காது, நர்சம்மா" என்று என்னைக் கும்பிட்டான். ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

எழுதிவிடுகிறேன். மேட்டில் பிரேக்கை விட்டு உங்களால் இறங்க முடியாது. ஆளை ஏற்றியதும் துணியை இறக்குவது என் வேலை, எப்போதும் என் வேலைதான். அன்று மழை. கம்பத்துக்கு இருபது படி ஏற வேண்டும். பெரியவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வரும்போது பார்த்துக்கலாம்" என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சுத்தமாக மறந்துபோனேன். மறுநாள் துணியைப் பார்த்ததும் ஒரு கணம் சுருக்கென்றது. புதிதாக யாருக்கோ முடியவில்லை போல என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நீங்கள் "நான்தான்" என்றபோது என் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. நர்ஸை நம்பாவிட்டால் யார் பிரசவம் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயமும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். நீங்கள் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னீர்களா, உண்மையிலேயே நீங்கள் மறந்ததாக நினைத்தீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை. வாருங்கள். அதே முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

நர்சம்மா


ஜூலை 9

நர்சம்மா,

எனக்குத் தெரியும்.

அன்று வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். நீ துணியை அண்ணாந்து பார்த்தாய், மழையைப் பார்த்தாய், ஏறிக் கதவைச் சாத்தினாய். "துணி" என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். பெரியவர் முனகினார், வண்டியை எடுத்துவிட்டேன். மறுநாள் அது பழைய துணியா, புதுத் துணியா என்று எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. புதுசாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் ஏறினேன். ஆகையால் நான் முற்றத்தில் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை.

மீதிப் பாதியை வீட்டுக்குப் போகும் வழியில் நீ சொல்வாய் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சோறு போடும்போது சொல்வாய் என்று நினைத்தேன். மூன்று நாள் பார்த்தேன், நாலாம் நாள் கிளம்பினேன். உன்மேல் கோபம் இருந்தது. உன் கடிதத்தைப் படித்ததும் அதுவும் போய்விட்டது. போனபிறகு பார்த்தால் மனசில் வேறொன்றும் மிச்சமில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்த வண்டியை ஓட்டினால் கண்ணாடியைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் நீ தெரிவாய். என்னால் முடியாதம்மா.

முற்றத்தில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். எனக்காகச் சொல்லாதே. அந்தக் குழந்தை வளர்ந்து கேட்கும், அதற்காக வேண்டுமானால் சொல்.

பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிடு. இனி ஸ்டார்ட் பண்ண வேண்டாம், சத்தம் கேட்டு ஏமாந்துபோகிறார்கள். டிரைவர் கிடைக்கும்வரை கம்பத்தில் துணி ஏறக் கூடாது. துணியை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கட்டிலையாவது தூக்குவார்கள். நாலு ஊருக்கும் நடந்து போய்ச் சொல்லி, நாலு துணியையும் நீயே வாங்கிக்கொண்டு வா.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடாதே.