மஞ்சள் கயிறு கட்டிய வால்வு

மச்சான்,

இன்று காலை நம் பால் சங்கத்துக் குளிரூட்டும் தொட்டியின் அடிவால்வுக்குள் விரலை விட்டேன். பாசி பிடித்த கிணற்றுப்படி மாதிரி வழுக்கியது. முகர்ந்தால் ஈரத்துணி வாடை. உடனே உன் நினைவுதான் வந்தது. நீ வேலையை விட்டுப் போனபின் அந்த வால்வை ஒருநாளும் கழற்றவில்லை.

ஆயுத பூசைக்குப் பூசாரி அதில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். சாமி கயிற்றை அவிழ்க்க யாருக்கு மனம் வரும்? எனக்கு வசதியாகவும் போயிற்று. "இந்தக் குளுருல கிருமியெல்லாம் வெறச்சே செத்துப்போவும். பெங்களூரு விஞ்ஞானியே எங்கிட்டதான் கேட்டுட்டுப் போனாரு" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன்.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். "அந்த விஞ்ஞானிக்கு டீ வாங்கிக் குடுத்தியா மச்சான்?" என்று கேட்டபடியே வால்வைக் கழற்றித் தேய்ப்பாய். தருமபுரியில் நடந்த பயிற்சிக்கு இருவரும்தான் போனோம். எனக்கு அங்கே போட்ட சாப்பாடு மட்டும் நினைவிருக்கிறது. நீதான் சொல்வாய்: "குளுருலயே குடும்பம் நடத்துற கிருமியும் இருக்குது. கோந்தாட்டம் ஒரு போர்வைய இழுத்துப் போத்திக்கும். தேச்சு உரிச்சாத்தான் சலவைச் சோடாத் தண்ணி உள்ள எறங்கும்."

போன வாரம் பால்பண்ணையிலிருந்து நம் பால் கசக்கிறதென்று திரும்பி வந்துவிட்டது. காய்ச்சிப் பார்த்தோம், அப்போதும் கசந்தது. அந்தக் கிருமிகள் விட்டுப்போன கசப்பு காய்ச்சினாலும் போகாது என்பதும் நீ சொன்னதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பால் ஊற்ற வந்த வரிசையைப் பார்த்து, ராசம்மாவைக் கைகாட்டினேன்.

"உம்மாடு வேப்பந்தழை தின்னுருக்கும். நாக்குல ஒரு சொட்டு வெச்சாலே எந்த மாட்டுப் பாலுன்னு நான் சொல்லிப்புடுவேன்."

"ரெண்டு மாட்ட வெச்சுத்தானுங்க குடும்பமே ஓடுது" என்றாள். என் நாக்கை அவ்வளவு பேரும் நம்பினார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் அவள் பாலை டீக்கடைக்காரன்கூட வாங்கவில்லையாம்.

இன்று விரல் வழுக்கியதும் கயிற்றை அறுத்தேன். வால்வைப் பிரித்தால் உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு தோல். நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

"மாட்டு மேல தப்பில்ல, ராசம்மா. தொட்டியில அழுக்கு."

சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "அத நாலு பேருக்கு முன்னாடி சொன்னீங்க. இத மட்டும் சந்துல வந்து சொல்றீங்களா?"

வந்த வழியே திரும்பி நடந்தேன். நானா பேச்சை வளர்க்காமல் வந்தேன் என்று நீயே நம்பமாட்டாய்.

சாயங்கால வரிசையில் நின்று சொன்னேன், மச்சான். பெங்களூரு இல்லை, விஞ்ஞானி இல்லை. தொட்டியை நான் கழுவவில்லை, அதனால் பால் கெட்டது, ராசம்மா மேல் வீண்பழி போட்டேன். அவ்வளவுதான். பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது.

ராசம்மா வந்திருந்தாள். கேனைத் திறந்து, நான் பிடித்திருந்த அளவைப் பாத்திரத்துக்குள் பாலை ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் முகத்தை நான் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.