வகுப்பை விட்டு எழுந்து போன ஃபெலேட்டி

அன்பு மகன் செமிசிக்கு,

அம்மா எழுதறேன். அப்பாவோட முழங்காலைத் தவிர இங்க எல்லாரும் சுகம், அங்க கடல் தாண்டி மில்டூராவுல நீயும் குளிர்ல விறைச்சுப் போகாம சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபம் பண்றேன். திராட்சைக் கொடி வெட்டறப்போ கையுறை போட்டுக்கோ, வீரம் காட்டாதே. போன வாரம் போன்ல உன் தொண்டை கட்டியிருந்துச்சு, கேட்டா ஒண்ணுமில்லைங்கறே, ஒண்ணுமில்லாதவனுக்கு எதுக்குடா அவ்வளவு இருமல்? அப்பா கிழங்கு நட ஆரம்பிச்சுட்டார். கறுப்புப் பன்னி குட்டி போட்டுட்டு, பாதிரியார் தோட்டத்து வேலியைப் பிச்சு வச்சிருக்கு, அவர் முகத்துல முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்கு. சர்ச் பாட்டுக் குழுவுல உன் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு.

ஃபெலேட்டி ஏன் போன்ல பேச வரலைன்னு கேட்டியே, அதைச் சொல்லத்தான் உக்காந்தேன். வீக்கா சித்தி தன் மகனை வெளித்தீவுலேர்ந்து நம்ம வீட்டுக்கு அனுப்பி வச்சப்போ, இவனுக்கு வர்ற ஒரே பாடம் இலக்கியம்தான் அக்கா, அதையாவது முடிக்க வையின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அந்த இலக்கிய வகுப்புக்குத்தான் இவன் மூணு வாரமாப் போகலைன்னும், இப்படியே இருந்தா பரீட்சைக்குப் பேரை அனுப்ப மாட்டோம்னும் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு வந்துச்சு பாரு கோபம். தினமும் வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சுக் குடுக்கறேன், இவன் துறைமுகத்துல திமிங்கிலம் பாக்க வர்ற வெள்ளைக்காரங்களை வேடிக்கை பாத்துட்டு வர்றானான்னு வாசல்லயே நிறுத்தி வச்சுக் கிழிச்சேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே எல்லாத்தையும் வாங்கிக்கிட்டான். அப்புறம் பின்னாடி பசங்க தூங்கற வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினவன், சாப்பிடக்கூட வரலை.

அப்புறம் உன் தங்கச்சி லுபேதான் அடுப்பங்கரையில வந்து என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, அவரைத் திட்டாதீங்கம்மா, அவர் எனக்காகத்தான் போகாம இருக்கார்னு சொன்னா. இலக்கியம் எடுக்கப் புதுசா ஒரு டீச்சர் வந்திருக்கா, ராபின்னு பேரு, நியூசிலாந்துக்காரி, நல்ல பொண்ணு, குறை சொல்ல முடியாது. ஒரு நாடகம் நடத்தறாளாம். அதுல ஒரு இடத்தை ரெண்டு ரெண்டு பேரா வாய்விட்டுப் படிக்கணுமாம், அதுக்கும் பரீட்சையில மார்க்காம். நீயும் லுபேக்கு அண்ணன், அதனால அங்க என்ன எழுதியிருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு பையன் ஒரு பொண்ணுகிட்டப் பேசறான், அது போதும் உனக்கு. இந்தப் புண்ணியவதி என்ன பண்ணியிருக்கா தெரியுமா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கீங்க, சேர்ந்து ஒத்திகை பாக்க வசதின்னு சொல்லி, லுபேயையும் ஃபெலேட்டியையும் ஜோடி சேர்த்துட்டா! ஐயோ கடவுளே. வகுப்பே தலையைத் தொங்கப் போட்டுடுச்சாம். காரணத்தை எடுத்துச் சொல்லவும் யாருக்கும் வாய் வரலை, அந்த ரெண்டு பேரை வச்சுக்கிட்டு அதைச் சொல்றதே கேவலமில்லையா. ஃபெலேட்டி புத்தகத்தை மூடி வச்சிட்டு எழுந்து போனவன்தான். லுபேயைத் தனியா எழுப்பிப் படிக்கச் சொன்னதுக்கு, அண்ணனை வெளியில விட்டுட்டு மார்க் வாங்க மனசில்லாம, எனக்குப் படிக்கவே வராது டீச்சர்னு சொல்லியிருக்கா, வகுப்புல முதல் மார்க் வாங்கறவ!

அப்பாகிட்ட ஆரம்பிச்சேன். நாடகம்ங்கற வார்த்தையோடயே எழுந்து, ஆம்பளைங்களோட உக்காந்து காவா வேர்ச்சாறு குடிக்க நேரமாச்சுன்னு கிளம்பிட்டார், முழங்கால் வலியெல்லாம் அப்போ எங்க போச்சோ. மக சம்பந்தப்பட்ட பேச்சுன்னா அவர் எப்பவுமே இப்படித்தான். சரின்னு மறுநாள் நானே மரியாதைக்கு இடுப்புல பாயைச் சுத்திக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவங்க சித்தி பெரியம்மா பிள்ளைங்கதானேன்னு கேட்டா அந்த டீச்சர். என் தங்கை பெத்தா என்ன, நான் பெத்தா என்ன, அவன் லுபேக்கு அண்ணன்மா, எங்க வழக்கத்துல இந்த மாதிரிப் பேச்சு காதுல விழற இடத்துல ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கக்கூடாதுன்னேன். இது வெறும் கதைதானேன்னா. கதை சரி, காது நிஜமாச்சேன்னேன். அவ முகம் ரத்தமாச் சிவந்துடுச்சு. மூணு வாரமா நான் அவனைச் சோம்பேறின்னு எழுதி வச்சிருக்கேனேன்னு கண் கலங்கிட்டா. எனக்கே பாவமாப் போச்சு, நானும் அதைத்தானே சொல்லித் திட்டினேன். அப்புறம் அவளே யோசிச்சு, ரெண்டு பேரையும் வேற வேற வகுப்பு நேரத்துல போட்டு, ஜோடியையும் மாத்தி, தனித்தனி நாள்ல படிக்க ஏற்பாடு பண்ணினா, என்னையும் வந்து உக்காந்து கேக்கச் சொன்னா.

செவ்வாய்க்கிழமை லுபே படிச்சா, கணீர்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா, ஃபெலேட்டி தேங்காய் உரிச்சுக்கிட்டே, தலையை நிமிர்த்தாம, நல்லாப் படிச்சாளா பெரியம்மான்னான். படிச்சாடான்னேன். ம்னுட்டு அடுத்த காயை எடுத்தான், ஆனா முகத்துல ஒரு சிரிப்பு.

வியாழக்கிழமை அவன் முறை. செமிசி, உனக்கு எப்படிடா சொல்வேன். வீட்டுல உப்பு வேணும், சோறு வேணும்னு முணுமுணுக்கறவன் அங்க நின்னு வாயைத் திறந்தான் பாரு, ஜன்னல்ல உக்காந்து கலாட்டா பண்ணிக்கிட்டிருந்த பசங்க கூட இறங்கி வந்து பெஞ்சுல உக்காந்துட்டாங்க. பாதி இங்கிலீஷ் எனக்குப் புரியலை, ஆனா அழுதேன். அந்த டீச்சர் மார்க் போடறதையே மறந்துட்டு உக்காந்திருந்தா. பரீட்சைக்குப் பேரும் அனுப்பியாச்சு. வெளியில வந்தா நல்ல மழை. லுபே ரோட்டுக்கு அந்தப் பக்கம், வரிசையில கடைசிப் பலா மரத்தடியில நனைஞ்சுக்கிட்டு நிக்கறா. உள்ள தாழ்வாரத்துல நிக்கறதுக்கென்னடின்னேன். அங்கே நின்னா கேக்கும்மான்னா. அப்புறம், நல்லாப் படிச்சாராம்மான்னு கேட்டா. உன்னை விட நல்லான்னேன். எனக்குத் தெரியும், அதுக்குத்தானே அவர் போகாததைப் பொறுக்க முடியாம உங்ககிட்ட சொன்னேன்னுட்டு, விடுவிடுன்னு முன்னாடி நடந்து போயிட்டா.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு போன் பண்ணு. ரெண்டு பேர்கிட்டயும் நல்லாப் படிங்கன்னு மட்டும் சொல்லு, நாடகத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காதே. ஃபெலேட்டிகிட்ட நான் திட்டினதை மனசுல வச்சுக்காதேன்னு நீயே சொல்லிடு, என் வாயில அது வர மாட்டேங்குது. இருமலுக்கு எலுமிச்சையும் வெந்நீரும் குடி. கடவுள் உன் கையையும் காலையும் காப்பாத்தட்டும், நல்லா இருப்பே ராசா. அண்ணன் தங்கச்சி நீங்க, அவ படிச்சதை நீங்க ரெண்டு பேரும் கேக்க முடியாது, அவன் படிச்சதை அவ கேக்க முடியாது. வீட்டுல நான் ஒருத்திதான் ரெண்டு பேரும் படிச்சதைக் கேட்டிருக்கேன், இதை யார்கிட்டடா போய்ச் சொல்வேன்?

உன் அம்மா,
ஃபானே