முட்டை 1 – ஆறு கிராம்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. போனில் சொல்லியிருக்கலாமே என்று அம்மா கேட்பாள். போன் என்றால் நீங்கள், "நல்லா இருக்கியா? இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று கைமாற்றிவிடுவீர்கள். ஒன்பது வருடமாக அதுதானே நடக்கிறது! கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அம்மா கண்ணாடியைத் தேடி முடிப்பதற்குள் நீங்களே படித்துவிடுவீர்கள்.

நாங்கள் ஒரு குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். டாக்டரிடம் போனோம். புரதம் சாப்பிட்டால் என் ரத்தத்தில் சேர்ந்துவிடும் ஃபினைல்அலனின், அதுதான் நம் வில்லன், எவ்வளவு இருக்கிறான் என்று பார்த்தார்கள். பத்தொன்பது. சின்ன வயதில் எனக்கு நான்கைத் தாண்டினாலே நீங்கள் அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டீர்கள். வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன் அப்பா. பசியில் பாதி, உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி.

டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "உங்க உடம்பு வளர்ந்த உடம்பு, ஏதோ தாங்கிக்குது. வயித்துல வர்ற பிள்ளையோட மூளையும் இதயமும் தாங்காது. ஆறுக்குக் கீழ கொண்டு வாங்க. மூணு மாசம் அங்கயே நிறுத்திக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

இரண்டு மாதமாக முயற்சி செய்கிறேன். முடியவில்லை. வில்லனை நீக்கிச் செய்த அந்த நாறப்பாலை ஒரு வாய் குடித்தால் இரண்டு வாய் வெளியே வருகிறது. எதை எவ்வளவு சாப்பிடுவது என்று போனில் பட்டியல் இருக்கிறது, அதைப் பார்த்தாலே அழுகை வருகிறது. என் சாப்பாட்டை அளந்து நீங்கள் தினமும் எழுதிவைத்த நோட்டுகள் இன்னும் இருக்கின்றனவா? எரித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

•

மார்ச் 17

என் குண்டுமணிக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். ஆறாவது தடவை அம்மாவுக்காகச் சத்தமாகப் படித்தேன். கண்ணாடி அவள் தலையிலேயே இருந்தது.

எரிப்பேனா? என்ன கேள்வி இது! எட்டு நோட்டும் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் தபாலில் அனுப்பமாட்டேன். அம்மா போன வருஷம் உனக்கு அனுப்பிய சட்டை இன்னும் எந்த ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ. போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றாள். பென்சில் எழுத்து மங்கி, எழுதிய எனக்கே தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது. அதனால் ஒவ்வொரு பக்கமாகக் கையால் பார்த்து எழுதி அனுப்புகிறேன். முதல் கட்டு இதோடு வருகிறது.

கேன்டீனில் இருநூற்றைம்பது பேருக்குக் கைக்கணக்கில் சமைப்பவன் நான். உப்பைக்கூட அளந்ததில்லை. அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஒரு சின்னத் தராசுக்கு முன்னால் நிற்கவைத்தாய் நீ. ஒரு நாளைக்கு ஐந்து கிராம் புரதம், அதற்கு மேல் போகக்கூடாது. சோறு எழுபது கிராம் என்றால் இரண்டு. உருளைக்கிழங்கு ஐம்பது கிராம் என்றால் ஒன்று. பட்டாணி இருபது எண்ணினால் அரை. நீ ஒரு பட்டாணியைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா, இன்னொண்ணு வரணும்" என்று சண்டைக்கு நிற்பாய்.

நாறப்பாலுக்கு ஒரு வழி சொல்கிறேன். நன்றாகக் குளிரவை. மூடி போட்ட டம்ளரில் ஊற்றி உறிஞ்சுகுழாய் வை, வாசனை மூக்குக்கு வராது. முடித்த உடனே ஒரு துண்டு ஆப்பிளைக் கடி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னோடு நானும் ஒரு டம்ளர் குடிப்பேன், ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டால் நீ வாயைத் திறக்கமாட்டாய். மாப்பிள்ளையைக் குடிக்கச் சொல். பஸ் ஓட்டுகிறவருக்குத் தைரியம் இருக்கும்.

மற்ற விஷயங்களைப் பேச எனக்கு வராது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா

•

மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

பதினொன்று! பத்தொன்பதிலிருந்து பதினொன்றுக்கு இறக்கிவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இதைக் குடிச்சு வளர்ந்தவளோட நான் இனிமே சண்டைக்கே வரமாட்டேன்" என்றார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் செய்கிற இடம். இன்சுலினும் ஒரு புரதம்தான். புரதத்தைத் தொடவிடாமல் நீங்கள் வளர்த்த பிள்ளை புரதம் செய்யும் தொட்டிக்குக் காவல் நிற்கிறாள், பாருங்கள் கூத்தை!

தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சமையல்கட்டு மாதிரி. உங்கள் கேன்டீனில் பட்டியல் எழுதிய பெரிய நோட்டு அலமாரியை விட்டு வெளியே வராது, அதைப் பார்த்து எழுதிய சீட்டுதானே அடுப்படிக்குப் போகும்? அங்கேயும் அதேதான். சீட்டில் உள்ள வரிசைப்படி, அமினோ அமிலம் என்கிற இருபது வகை மணிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துக்கொண்டே போகும். நம் வில்லனும் அந்த இருபதில் ஒருவன். கோத்து முடித்தால் மட்டும் போதாது. அந்தச் சரம்தான் புரதம், அது தனக்கென்று இருக்கிற வடிவத்தில் மடிய வேண்டும். மடிந்தால்தான் வேலை செய்யும்.

என் கல்லீரலில் அந்த வில்லனை மாற்றிப்போட வேண்டிய புரதத்தில் நானூற்று ஐம்பத்திரண்டு மணிகள். அதில் ஒரே ஒரு மணி மாறிவிட்டது, அதனால் சரியாக மடியவில்லை. அந்தப் பெரிய நோட்டில் உங்களிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, இரண்டிலும் தப்பு இருந்ததால்தான் எனக்கு வந்தது. அம்மா வழிக் கோளாறு என்று அத்தை சொல்லித் திரிந்தாளே, அவளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் இருவருக்கும் சரிபாதி.

எங்கள் தொட்டியிலும் இன்சுலின் முதலில் கன்னாபின்னாவென்று மடிந்து கட்டியாகத்தான் வரும். அவித்த முட்டை மாதிரி, எதற்கும் உதவாது. ஆனால் தூக்கிப்போடமாட்டோம். கட்டியைக் கரைத்து, குளிர்ச்சியான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து விட்டுவிடுவோம். அதுவே பிரிந்து, திரும்பத் தன் வடிவத்துக்கு மடிந்துகொள்ளும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

மீதி நோட்டுகளை அனுப்புங்கள்.

உங்கள் மகள்

•

ஜூன் 11

என் குண்டுமணிக்கு,

பதினொன்று போதாது. இறக்கு. கெட்டிக்காரிதான் நீ, இருந்தாலும் இறக்கு.

உன் வேலையைப் பற்றி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அத்தைக்கும் போன் போட்டுப் படித்தேன். "சரிபாதி" வந்தவுடன் அவளுக்கு லைன் சரியில்லாமல் போய்விட்டது.

நான்காவது நோட்டு வரை இதில் இருக்கிறது. இதற்குள் நவம்பர் மாதத்துப் பக்கம் ஒன்று வரும். உனக்கு எட்டு வயது. அந்த இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு நாள் எழுதவில்லை. விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் ஒரு மணி மாறினால் என்ன ஆகும் என்று நீதானே எழுதியிருந்தாய். இருந்ததை இருந்தபடியே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுத் திட்ட வேண்டும் என்றால் திட்டு.

அப்பா

•

ஆகஸ்ட் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நான்கு புள்ளி ஆறு. ஏழு வாரமாக ஆறைத் தொடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்கள் கண்ணில் படாது.

அந்தப் பக்கத்தைப் படித்தேன். இப்படி இருக்கிறது:

"நவம்பர் 12. சிநேகிதி வீட்டில் பிறந்தநாள். முட்டை 1 – ஆறு கிராம். அடித்தேன்.
நவம்பர் 14. ரத்தம் 3.8. ஏறவில்லை. ஏன்?"

அந்த "ஏன்" இருபது வருடத்துக்கு மேலாக நோட்டில் இருந்திருக்கிறது. என்னிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன்.

நான் அதைச் சாப்பிடவில்லை அப்பா.

அந்த வீட்டில் எல்லாருக்கும் அவித்த முட்டை கொடுத்தார்கள். நம் வீட்டில் முட்டையே வராது. பிள்ளை சாப்பிட முடியாததை வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது என்று நீங்கள் சட்டம் போட்டிருந்தீர்கள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி உங்கப்பா ஒரே தடவைல நாலு முட்டை உள்ள தள்ளுவார்" என்று அம்மா ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அது என் மனதில் இருந்தது. என் பங்கு முட்டையைக் கைக்குட்டையில் சுற்றி உங்களுக்காக எடுத்துவந்தேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அது விழுந்து நசுங்கிவிட்டது. பொறுக்கிப் பார்த்தேன், ஒரே மண். கொண்டுவந்து என்ன பிரயோஜனம் என்று அங்கேயே போட்டுவிட்டேன். கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. வாசலில் நீங்கள் அந்தக் கையைத்தான் பார்த்தீர்கள். "தின்னியா?" என்று ஒரு கேள்வி, நான் வாயைத் திறப்பதற்குள் கன்னத்தில் ஒன்று.

அதற்கப்புறம் சொல்லக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. யார் பிள்ளை நான்! அடியைவிட, நீங்கள் என்னை நம்பவில்லை என்பதுதான் வலித்தது. பிறகு நீங்கள் எதை அளந்தாலும், எதை எழுதினாலும், என்னை வேவு பார்ப்பதாகவே தோன்றியது. பத்தொன்பது வயதில் உங்களிடம் கத்திவிட்டுக் கிளம்பியது அதே கோபத்தில்தான்.

இப்போது நானே தினமும் தராசு முன்னால் நிற்கிறேன். இன்னும் பிறக்காத ஒன்றுக்காக இருபது பட்டாணி எண்ணுகிறேன். ஒன்று கூடிவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. அதற்காக அடித்தது சரி என்று சொல்லமாட்டேன்.

குண்டுமணி

•

செப்டம்பர் 6

குண்டுமணி,

நோட்டில் 3.8 என்று எழுதும்போதே எனக்கு உறுத்தியது. ரத்தம் பார்த்தவர்கள் ஏதோ தப்புச் செய்திருப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. உன்னைக் கேட்டிருந்தால் உண்மை வந்துவிடும், அடித்த கைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பயந்துபோய்க் கேட்காமல் இருந்துவிட்டேன். பிள்ளையிடம் பயந்தவன் உன் அப்பா.

கேன்டீனில் வாரம் இரண்டு நாள் முட்டை அவிப்பேன். இன்றுவரை ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? சாப்பிட்டிருக்கலாம். மனசு வரவில்லை.

என்னை மன்னித்துவிடு கண்ணு. இதை எழுத எனக்கு நான்கு தாள் வீணாகிவிட்டது.

உன் தொழிற்சாலையில் கட்டியைக் கரைத்துத் திரும்ப மடியவைப்பதாகச் சொன்னாயே, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அப்பா

•

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதற்கு அப்போதே போனில் பதில் சொல்லிவிட்டேன். உங்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எழுத்திலும் இருக்கட்டும்: ஒரு நாள் போல ஆகும். அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

இப்போது ஆறாம் மாதம். நேற்று டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். அதற்காகவே இந்தக் கடிதம். இனி நான் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடலாமாம். ஐந்து கிராம் இப்போது ஒன்பது. குழந்தை வேகமாக வளர்கிறது, தன் சதையையும் எலும்பையும் கட்ட என் ரத்தத்திலிருந்து மணிகளை இழுத்துக்கொள்கிறது, வில்லனையும் சேர்த்துத்தான். என்னால் சமாளிக்க முடியாதவனை அது எடுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் வெளியிலிருந்து செய்த வேலையை இப்போது உள்ளேயிருந்து ஒரு ஆள் செய்கிறது அப்பா. பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். ஓட்டியது உங்கள் மாப்பிள்ளைதான், அடுத்த நிறுத்தத்தில் நிறுத்த மறந்துவிட்டார்.

குண்டுமணி

•

ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் அம்மா கத்திய கத்தலில் உங்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. உங்களுக்கு எண்கள்தான் வேண்டும், தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

பெண் குழந்தை. எடை மூன்று கிலோ நூறு கிராம். தலைச் சுற்றளவு முப்பத்து நான்கு சென்டிமீட்டர், குறைவே இல்லை. இதயத்தை இரண்டு பேர் பார்த்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம்: ஒன்றரை. அவள் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் அப்பா. எதை வேண்டுமானாலும்!

அடுத்த மாதம் நீங்களும் அம்மாவும் வருகிறீர்கள். மாப்பிள்ளை எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார், சாக்குச் சொல்லாதீர்கள். நீங்கள் வந்த மறுநாள் காலையில் நான் ஒரு முட்டை அவித்துத் தருவேன். என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அன்றைக்கே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டியது.

உங்கள் குண்டுமணி

•

ஜூன் 29

என் குண்டுமணிக்கு,

எண்களை ஒன்பதாவது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், இன்னும் யாராவது மீதி இருக்கிறார்களா என்று வெளியே போயிருக்கிறாள்.

முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஏழு நிமிஷம் வை. எட்டு ஆனால் மஞ்சள் கெட்டியாகிவிடும், எனக்குப் பிடிக்காது. உடனே பச்சைத் தண்ணீரில் போடு, ஓடு சுலபமாக வரும். மிளகுத் தூள் இல்லையென்றால் வாங்கி வை. நீ தொட வேண்டாம், உரிப்பதை நானே உரித்துக்கொள்கிறேன். இல்லை, வேண்டாம். நீயே உரித்துக் கொடு. கையில் மஞ்சள் ஒட்டினால் ஒட்டட்டும்.

நோட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அன்றைக்கு அதில் என்ன எழுதுவேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்:

முட்டை 1 – ஆறு கிராம். மகள் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

அப்பா