கொண்டைக்கடலை மொறுமொறுன்னு வர்றதுக்கு

என் பொடிசுக்கு,

அம்மா எழுதறேன். நீ உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா இருக்கணும், வேளைக்குச் சாப்பிடணும், அந்த ஊர்க் குளிர்ல காதை மூடிக்கிட்டு வெளியே போகணும், இதைத் தவிர எனக்கு வேற வேண்டுதல் இல்லை. இந்த இடத்துல நாங்க எல்லாரும் சௌக்கியம்னு ஒரு வரி எழுதறதுதான் வழக்கம். இந்தத் தடவை அதை எழுத எனக்குக் கை வரல, ஏன்னு போகப் போகச் சொல்றேன், பதறாம படி. முதல்ல நீ கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன்.

போன வாரம் போன்ல கேட்டியே, கொண்டைக்கடலை வறுத்தா ஏம்மா மொறுமொறுன்னு வர மாட்டேங்குது, ரப்பர் மாதிரி இழுக்குது, நம்ம வீட்டுல எப்படித்தான் செய்வீங்கன்னு. அடுப்புல பால் பொங்குது, அப்புறம் சொல்றேன்னு போனை வெச்சேன். பாலும் பொங்கல ஒண்ணும் பொங்கல. நீ கடலைன்னு சொன்னதும் போன்லயே அழுதுடுவேனோன்னு பயந்துட்டேன், அவ்வளவுதான். சரி கேளு. நீ என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குப் பார்க்காமலே தெரியும். வெந்த கடலையை வடிகட்டி ஈரத்தோட எண்ணெயைக் கொட்டி, உப்பு காரம் எல்லாத்தையும் ஒரேயடியாப் போட்டுப் பிசறி ஓவனுக்குள்ள தள்ளியிருப்ப. பொறந்ததுல இருந்து உனக்கு எதுக்கும் பொறுமை கிடையாது, மாசம் நிறையறதுக்கு முன்னாடியே வெளியே வந்தவதானே நீ. கடலையை ராத்திரி ஊற வெச்சிடு. மறுநாள் வேக வைக்கும்போது விரலால நசுக்கினா நசுங்கணும், ஆனா தானா உடையக் கூடாது, அந்தப் பதத்துல இறக்கி வடிச்சிடு. அதுக்கப்புறம்தான் வேலையே இருக்கு. ஒரு பழைய பருத்தித் துண்டை விரிச்சு, அதுல பரப்பி, மேல இன்னொரு துண்டைப் போட்டு உள்ளங்கையால மெதுவா உருட்டணும். தோல் கழண்டு வந்தா எடுத்துப் போட்டுடு, வரலன்னா விட்டுடு, உரிச்சுக்கிட்டு உட்காராதே. அப்புறம் ஃபேன் காத்துல காய விடணும். தொட்டா ஈரமே இருக்கக் கூடாது, அதுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. எண்ணெய் விடாம அப்படியே தட்டுல பரப்பி ஓவன்ல வெச்சு, நடுவுல நடுவுல எடுத்துக் குலுக்கிக் குடு. பாதி வறுபட்டதும் வெளியே எடுத்துக் கொஞ்சம் எண்ணெயும் உப்பும் போட்டுப் புரட்டி மறுபடி உள்ளே தள்ளு. மிளகாய்த்தூள், சீரகத்தூள் எல்லாம் கடைசியா இறக்கினப்புறம் சூட்டோட தூவணும். முன்னாடியே போட்டா கருகிக் கசக்கும், வாயில வைக்க முடியாது. இன்னொண்ணு, சூடு முழுக்க ஆறாம டப்பாவுல போட்டு மூடிடாதே, உள்ளயே வேர்த்து நமுத்துப் போயிடும். நீ மூடியிருப்ப. சத்தியமா மூடியிருப்ப.

தட்டைக் குலுக்கினா கலகலன்னு கூழாங்கல்லு மாதிரி சத்தம் வரணும், அதுதான் எனக்குப் பதம். அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்காதே, அதனால அவர் ஒண்ணை எடுத்து வாயில போட்டுக் கடிச்சுத்தான் சொல்லுவார். நீ சின்னதா இருக்கும்போதே கம்பெனியில தகர மூடி அடிக்கிற அந்த பிரஸ் மெஷின் அவரோட காதைத் தின்னுடுச்சு. வீட்டுக்கு வந்தா நான் தொண்டை கிழியக் கத்தணும், தெருவே வந்து என்ன சண்டைன்னு எட்டிப் பார்க்கும். ஆனா கடலையைக் கடிச்சா மட்டும் அவருக்குக் கேட்கும். தாடையில இருந்து எலும்பு வழியா மண்டைக்குள்ள போகுதாம். உலகத்துல எனக்குன்னு மிச்சம் இருக்கிற சத்தம் இது ஒண்ணுதான், உன் குரலாவது கேட்காம தப்பிச்சேன்னு சொல்லிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். தினம் சாயங்காலம் ஒரு கிண்ணம். துண்டுல உருட்டறதும் காய வைக்கிறதும் அவரோட வேலை, என்னைத் தொட விடமாட்டார். உனக்கு அவசரம், கடலைக்கு அவசரம் ஆகாதுன்னு விரட்டிடுவார். அந்த அவசரம்தான் உனக்கும் வந்திருக்கு, என்கிட்ட இருந்து.

இப்ப விஷயத்துக்கு வரேன். மழை ஆரம்பிச்ச சமயம் அப்பாவுக்குக் கால்ல சுளுக்குன்னு உன்கிட்ட சொன்னோமே, அது சுளுக்கு இல்லடி. பக்கவாதம். குளிக்கப் போனவர் வாளியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சரிஞ்சுட்டார். வலது கையும் காலும் விழுந்துடுச்சு, வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சு. போன்ல படம் தெரிய மாட்டேங்குது, கேமரா கெட்டுப்போச்சுன்னு அண்ணன் சொன்னதும் பொய்தான். அப்பாதான் சொல்லக் கூடாதுன்னு ஜாடை காட்டினார், இடது கையால என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. அந்த ஊர்லயே தங்கறதுக்கான காகிதம் அவ கையில இன்னும் வரல, இப்பக் கிளம்பினா அந்த ஊர்க்காரன் திரும்ப உள்ளே விடமாட்டான், இத்தனை வருஷம் பட்ட பாடு மண்ணாப் போயிடும், எழுந்து நடந்தப்புறம் சொல்லிக்கலாம்னு குழறிக் குழறிச் சொன்னார். நானும் எழுந்துடுவார்னுதான் நினைச்சேன். அவருக்குத்தான் காது கேட்காதே, எப்பவுமே போனுக்கு வரமாட்டாரே, உனக்குச் சந்தேகமே வரல. அப்பா எங்கேன்னு நீ கேட்பே, தூங்கறார்னு நான் சொல்லுவேன். எங்களுக்கு மறைக்கிறது ரொம்பச் சுலபமாப் போச்சு.

கை கால் போனது கூடப் பெரிசில்ல. விழுங்கறது போயிடுச்சு. நாம வாயில போட்டா தானா இறங்குதேன்னு நினைக்கிறோம், அதுக்கு உள்ள இத்தனை கதவு இருக்குன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். அந்தக் கதவு சரியா மூடல, அதனால சாப்பாடு வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போகுது. விழுங்கறதுக்குப் பயிற்சி குடுக்கன்னு ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்தா, உன் வயசுதான் இருக்கும், பாவம் நல்ல பொண்ணு. தண்ணியில கூட ஏதோ மாவைக் கலந்து பசை மாதிரி ஆக்கித்தான் குடுக்கணும்னு சொன்னா. எல்லாத்தையும் கூழா அரைச்சு ஸ்பூன்ல ஊட்டணும். அப்பா ரெண்டு நாள் வாயைத் திறந்தார், அப்புறம் பல்லை இறுக்கிக்கிட்டார். சுவத்துல அடிக்கிற சுண்ணாம்பு எனக்கு எதுக்குன்னு கேட்கற மாதிரி ஒரு பார்வை. அவருக்கு வேண்டியது கடலை. அடுப்படியைக் கையைக் காட்டிக் காட்டிக் கேட்டார். அதைத் தவிர வேற எது வேணும்னாலும் கேளுங்கன்னு அந்தப் பொண்ணு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுது, அவர் மறுபடி அடுப்படியையே காட்டறார். நான் வறுத்ததை மிக்சியில போட்டு நைசா அரைச்சு, வெந்நீர்ல குழைச்சு, உப்பு காரம் எல்லாம் சரியாப் போட்டு ஊட்டிப் பார்த்தேன். அதே கடலை, அதே ருசி. துப்பிட்டார். என்னைப் பார்த்து அழுதார் பொடிசு. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. சத்தம் இல்லாத கடலை அவருக்குக் கடலையே இல்லன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது, மக்கு மாதிரி நான் மாவைக் கரைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரோட கூட வேலை பார்த்த வெல்டிங்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் தெருவெல்லாம் சுத்துவாரே, அவர் பார்க்க வந்தார். அவருக்கும் காது அரைகுறை. நான் டீ போட உள்ளே போன நேரம் அப்பா ஜாடையில கேட்டிருக்கார், இவரும் நண்பன் கேட்கிறானேன்னு கடலை பாட்டில்ல இருந்து ஒண்ணே ஒண்ணை எடுத்து அப்பா வாயில போட்டுட்டார். கட்டில் தலைமாட்டுலயே எழுதி ஒட்டியிருக்கு, கெட்டியா எதுவும் வாயில குடுக்காதீங்கன்னு. கண்ணாடியைக் கொண்டு வரலையாம். ஒரு கடி கடிச்சார், முகம் அப்படியே மலர்ந்து போச்சு, உன் அப்பன் பழைய மாதிரி ஆயிட்டான் தங்கச்சின்னு வெல்டிங்காரர் அப்புறம் என்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதார். உன் அப்பன்னு என்கிட்டயே சொல்றார் பாரு, பதட்டத்துல யாரு யாருன்னே தெரியல மனுஷனுக்கு. அடுத்த நிமிஷம் புரையேறி, முகம் நீலம் பாரிச்சு, நான் டீயைப் போட்டுட்டு ஓடி வந்து முதுகுல குத்தி, அண்ணன் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பிழைச்சார். ஆனா அதுக்கப்புறம் நெஞ்சுல சளி கட்டி ஜுரம் வந்து, அது போகவே இல்லை. வெல்டிங்காரர் மேல அண்ணன் எரிஞ்சு விழுந்தான். எனக்குக் கோபம் வரல. அவர் செய்யலன்னா ஒரு நாள் நானே செஞ்சிருப்பேனோ என்னவோ.

மூக்கு வழியா குழாய் போட்டாங்க. இடது கையால பிடுங்கிப் போட்டார். மறுபடி போட்டாங்க, கையைக் கட்டி வெச்சாங்க, அதைப் பார்க்க என்னால முடியல. டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு உட்கார வெச்சு, வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வைக்கலாம், வெச்சாலும் எச்சில் நுரையீரலுக்குப் போறதை நிறுத்த முடியாது, இனி தேத்தறதுக்குன்னு பெரிசா ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வலி இல்லாம பார்த்துக்கலாம்னு சொன்னார். அண்ணன் குழாய் வைக்கலாம்னான். அண்ணி என்கிட்ட விட்டுட்டா. நான் உள்ளே போய் அப்பாவையே கேட்டேன், காதுகிட்ட கத்தினா வார்டே திரும்பும், அதனால பலகையில குழாயா வீடான்னு பெரிசா எழுதிக் காட்டினேன். வீடு அப்படின்னார். அந்த ஒரு வார்த்தை மட்டும் குழறாம வந்துச்சு.

அதனால இப்ப வீட்டுல, முன் ரூம் ஜன்னல் ஓரமா கட்டில் போட்டிருக்கோம். நான் கடலை வறுக்கிறதை மட்டும் நிறுத்தல. உனக்குப் பைத்தியமான்னு அண்ணன் கேட்டான். ஆமாடா பைத்தியம்தான்னேன். வாசனையாவது பிடிக்கட்டுமேன்னுதான். ஒரு நாள் வெந்துச்சா வறுபட்டுச்சான்னு பார்க்க ஒண்ணை வாயில போட்டுக்கிட்டே வந்து, சரிஞ்சிருந்த அவரைத் தூக்கித் தலகாணியில சாய்ச்சேன். அவரோட நெத்திப்பொட்டும் என் நெத்திப்பொட்டும் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான் கடலையைக் கடிச்சேன். மூடியிருந்த கண்ணு திறந்துச்சு. என்னையே பார்த்தார். இன்னொண்ணுன்னார். எனக்கு முதல்ல விளங்கல, குடுக்க முடியாதுன்னு தலையை ஆட்டினேன். இல்ல, நீ கடின்னு என் தாடையைத் தொட்டுக் காட்டினார். அன்னையில இருந்து தினம் சாயங்காலம் அவர் பக்கத்துல ஒண்டிப் படுத்து, தலையோட தலையை ஒட்டி வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா கடிக்கிறேன். எலும்பு வழியா கேட்குதோ, இல்ல சும்மா அதிர்றதுதானோ, எனக்குத் தெரியாது. என் கடவாய்ப் பல்லு ரெண்டு ஆடுது, எனக்கு இருக்கிற பல்லுக்கு இதெல்லாம் தேவையா சொல்லு. கல்யாணமான புதுசுல கூட இப்படி ஒட்டிப் படுத்ததில்ல நாங்க. ஒரு நாள் அண்ணி கதவைத் திறந்துட்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிட்டா. அடுப்படியில அவ மூக்கைச் சிந்தற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

கடலை கடிச்சா மனுஷன் பிழைச்சுக்குவார்னு நான் நினைக்கல. எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் போயிடுச்சு. முந்தி ஒரு கிண்ணம் கேட்டவர் இப்ப நாலஞ்சு கடிக்கிறதுக்குள்ள அசந்துடறார். மூச்சு இழுக்கறது அடுத்த ரூமுக்குக் கேட்குது. நேத்து நான் கடிச்சுக்கிட்டிருக்கும்போதே என் கையைத் தட்டி, பொடிசுக்கு எழுதிட்டியான்னு கேட்டார். சொல்லக் கூடாதுன்னு என் மணிக்கட்டைப் பிடிச்ச அதே மனுஷன். எழுதறேன்னு தலையை ஆட்டினேன், அவர் கண்ணை மூடிக்கிட்டார். போன்ல சொல்லிடலாம்னு எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் நல்லாதான் இருக்கோம்னு வாயில வந்துடும்னு பயந்து வெச்சுட்டேன். அதான் எழுத்து. எழுதி முடிச்சதும் அண்ணன் இதைப் படம் பிடிச்சு இன்னைக்கே உனக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கான்.

எங்க மேல கோபப்படு, திட்டு, எல்லாத்துக்கும் உனக்கு உரிமை இருக்கு. ஆனா உன்னைக் குத்தம் சொல்லிக்காதே, உனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிய விடாம பார்த்துக்கிட்டது நாங்க. நீ வந்தா உன் வேலையும் காகிதமும் போகும், வரலன்னா உன் மனசு போகும். ரெண்டுல எது பெரிசுன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் இனி தெம்பு இல்லை. நீ எந்தப் பக்கம் போனாலும் என் வயித்துல பொறந்தவதான், அப்பாவோட செல்லம்தான். நீ நல்லா இருக்கணும், உன் குடித்தனம் விளங்கணும், உனக்குப் பொறக்கப் போறதுங்க உன்கிட்ட எதையும் மறைக்காம இருக்கணும். அப்பாவோட ஆசீர்வாதமும் இதுலயே இருக்கு, இடது கையை எடுத்து இந்தத் தாள் மேல வெச்சார், கீழே மசி கலைஞ்சிருக்கிறது அதுதான்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. வர்றதுன்னா இப்ப வா. அப்புறம் வந்தா அது எனக்காக வர்றது, எனக்காக வர்றதுக்கு அவசரமே இல்லை, காகிதமெல்லாம் கைக்கு வந்தப்புறம் நிதானமா வரலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா