ஏழாற்று நாட்டின் வடக்கு வாசல்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு அக்கா எழுதுவது.

ஆண்டவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு மட்டும் முழங்கால் வலி. ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்.

புத்தகக் கடையில் உங்கள் விளையாட்டுக் கம்பெனி விளம்பரத்தைப் பார்த்தேன். ஏழாற்று நாட்டைப் புதுப்பிக்கிறீர்களாம். நீ கதை சொல்லி அனுப்ப, என் ஓடக்காரி என்ன செய்கிறாள் என்று நான் பதில் எழுத, பகடை விழுந்தபடி மேலே போக, பதினெட்டு வருடமாகக் கடிதத்திலேயே நாம் ஆடும் கற்பனை நாடு அது. கற்பனைச் சாமியைக் கும்பிட மனம் ஒப்பாமல், பூசாரி வேடம் வேண்டாம், ஓடக்காரியாக இருக்கிறேன் என்று கேட்டு வாங்கியவள் நான். கம்பெனி போட்ட பதினான்கு புத்தகங்களிலும் நம் கடிதங்களிலும் உள்ளதை எல்லாம் பதினோரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கிணறு எந்த வருடம் வற்றியது என்பதுகூட இருக்கிறது.

விளம்பரப் படத்தில் தலைநகரம் தண்ணீருக்குள் கிடக்கிறது. அது மேட்டில் இருக்கும் ஊர். ஆறு அவ்வளவு உயரம் ஏறாது. மூன்றாம் நோட்டு, நாற்பதாம் பக்கம். விவரம் தெரியாத யாரோ எழுதியிருக்கிறார்கள். திருத்தச் சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

அந்த விவரம் தெரியாத ஆள் நான்தான்.

புதிதாக ஒரு நாடு படைக்கலாம் என்றுதான் முதலில் கேட்டேன். மேனேஜர் சிரித்தார். “பேரே கேள்விப்படாத ஊருக்கு எவன் பஸ் ஏறுவான்? பழைய பேரு இருக்கட்டும், உள்ளே என்ன வேணா பண்ணிக்கோ” என்றார். சோதனை ஆட்டத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. நான் வாய் திறக்கும் முன்பே, “நாங்க எதையாவது தப்பாச் சொல்லிடுவோமா?” என்று கேட்டார்கள். பதினான்கு புத்தகம் படித்துவிட்டு விளையாட யாருக்குப் பொறுமை? அதனால்தான் வெள்ளம். எல்லாம் முழுகிப் போனால் யாரும் எதையும் தெரிந்துகொண்டு வர வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடைசி ஆறு வருடமாக உனக்கு எழுதும்போது நான் கதை சொல்லவில்லை அக்கா, பரீட்சை எழுதுகிறேன். எங்கே சிவப்பு மையில் திருத்தி அனுப்புவாயோ என்று பயந்தே ஒவ்வொரு வரியும் எழுதுகிறேன்.

அத்தானை டாக்டரிடம் கூட்டிப் போ.

உன் தங்கை

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணமில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று பிரார்த்தனையில்கூட மனம் நிற்கவில்லை. ஆசையாகச் செய்ததைப் பரீட்சை என்றுவிட்டாயே.

பிறகு என் ஓரகத்தி நினைவுக்கு வந்தாள். போன வருடம் ஒரு மத்தியானம் அவளையும் ஆட்டத்துக்கு உட்கார வைத்தேன். வடக்கு வாசல் வழியாகப் போகிறேன் என்றாள். வடக்கு வாசலை அடைத்துப் பல வருடம் ஆகிறது என்றேன். சரி, தளபதியைப் பார்க்கிறேன் என்றாள். தளபதி செத்துவிட்டான் என்றேன். அவள் பகடையைக் கீழே வைத்துவிட்டு, “என் வீட்டுக்குப் போற வாசலாவது தெறந்திருக்கா அக்கா?” என்றாள். சிரித்தோம். அதன் பிறகு அவள் விளையாட வரவேயில்லை. அன்று அவள்மேல்தான் குறை என்று நினைத்தேன்.

ஆனாலும் வெள்ளத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். புதிதாய் வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமென்று இருக்கிறவர்களை மூழ்கடிப்பதா? இந்த உலகம் எவ்வளவு பழசு. தினமும் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. முன்னால் நடந்தது ஒன்றும் தெரியாமல்தான் வருகின்றன. கடவுள் அதற்காக உலகத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறாரா? உங்கள் ஏழாற்று நாட்டு மக்கள் மறந்துபோகட்டும். வடக்கு வாசல் இருந்தது என்று ஒருவர் சொல்லட்டும், இல்லவே இல்லை என்று இன்னொருவர் சொல்லட்டும். வருகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். மேனேஜரிடம் இதைச் சொல்.

இந்தத் தடவை ஆட்டம் எதுவும் எழுதவில்லை. கை ஓடவில்லை.

அக்கா

மே 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மீட்டிங்கில் அப்படியே வாசித்தேன். அப்புறம் மேனேஜர், “நல்லாத்தான் இருக்கு. ஆனா மறதியை அட்டையில எப்படி வரையறது?” என்றார். வெள்ளமே முடிவாகிவிட்டது. இந்த மாதம் அச்சுக்குப் போகிறது. மேட்டுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்று மேலே ஒரு அணையைக் கட்டி, அதையும் நானே உடைத்தேன். என்னை மன்னித்துவிடு.

இதை முடித்துக் கொடுத்தால் புது நாடு ஒன்றைச் சின்னப் புத்தகமாக எழுதிக்கொள் என்று விட்டிருக்கிறார்கள். பத்துப் பக்கம் ஆகியிருக்கிறது. ஆனால் அங்கே யார் செத்தாலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா. பெயர் வைத்த பொம்மைகள் மாதிரி நிற்கிறார்கள். நம் நாட்டில் ஒரு படகுக் கயிறு அறுந்தால்கூட இரண்டு நாள் வருத்தப்படுவோமே. அந்தக் கனம் எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை.

நீ அந்தப் பழைய நாட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றாலும் எனக்குப் புரியும். ஆனால் எனக்கு எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

உன் தங்கை

மே 11

அன்புள்ள தங்கைக்கு,

அத்தானுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது முழுப் படியும் ஏறிவிட்டு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறார்.

காலைப் பிரார்த்தனை முடித்துப் பகடை போட்டேன். ஐந்து விழுந்தது. என் ஆட்டம் இது:

அணை உடைந்த சத்தம் கேட்கிறது. ஓடக்காரி கயிற்றை அவிழ்க்கிறாள். யார் கூப்பிட்டாலும் ஏற்றிக்கொள்கிறாள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று எவரையும் கேட்கவில்லை, நானும் எங்கும் குறித்து வைக்கவில்லை. இவர்களில் சிலர் உன் பத்துப் பக்கத்துக்குள் வந்து இறங்கட்டும். நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லுவார்கள், அழுவார்கள், பொய்யும் சொல்லுவார்கள். நீ திருத்தாதே. நானும் திருத்த மாட்டேன்.

விடிந்துவிட்டது. தண்ணீருக்கு அப்பால் ஏதோ கரை தெரிகிறது. படகில் ஒரு பெண், “அது எந்த ஊரு?” என்று கேட்கிறாள். ஓடக்காரிக்குத் தெரியவில்லை.

சொல்.

அக்கா